பூஜ்யத்துக்கு ஒத்துப்போன கடல்

ஜொகூர் நீரிணை துளிக் கலங்கலும் இல்லாமல் இருந்தது மொத்தம் ஆயிரத்து முப்பத்திரண்டு மணி நேரம். கடல் தெளிந்தது பிறகு; எண்தான் முதலில் வந்தது. கடல்நீரைச் சோதிக்கும் அலுவலகத்தில் தற்காலிக வேலை பார்த்த வாசுகி மிதவையில் புதிய சென்சரைப் பொருத்தித் தண்ணீரில் இறக்கிய மாலை, அலுவலகத் திரை கலங்கல் அளவைப் பூஜ்யம் என்று காட்டியது. விடிவதற்குள் கடலும் அதற்கு ஒத்துப்போயிருந்தது. எட்டு மீட்டர் ஆழத்தில் ஒரு மோட்டார் சைக்கிளும் மூன்று சோற்றுப் பானைகளும் யாருடையதோ ஒரு பல் செட்டும் தெரிந்தன. யோங் பெங்கிலிருந்து வேன் பிடித்து வந்து பார்த்தார்கள். லாபிஸ்காரர் ஒருவர் பன்னிரண்டு வருடங்களுக்கு முன் தவறவிட்ட மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுப் பார்த்து, பவர் போதவில்லை என்று திரும்பக் கடலில் போட்டுவிட்டுப் போனார்.

மேலதிகாரி சிவகணேசன் மகிழ்ந்துபோய், வாசுகியின் வேலையை நிரந்தரமாக்கச் சொல்லி மேலிடத்துக்கு எழுதினார். அவள் உலு திராம் வீட்டில் அதைச் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் தனியாகப் படகில் போனாள். சென்சரைத் தூக்கி, அதிலிருந்து எதையோ எடுத்துக் கால்சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடி இறக்கினாள். திரை பூஜ்யத்திலேயே நின்றது. கடல் ஒத்துக்கொண்டது ஒத்துக்கொண்டதுதான்.

பட்டினி கிடந்தவை வீரமுத்துவின் சிப்பிகள். தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு அவர் தெப்பம் கட்டி, அறுபத்திரண்டு கயிறுகளில் வளர்த்த சிப்பிகள். வாயைத் திறந்து வைத்துக் காத்திருந்து, தினம் ஒரு கயிறாகச் செத்துக்கொண்டு வந்தன. பத்தொன்பது கயிறுகள் மிச்சம் இருந்த நாற்பத்து மூன்றாம் நாள் வாசுகி தெப்பத்துக்குப் போனாள்.

“தண்ணி சுத்தமா இருந்தா பாக்கத்தான்மா நல்லாருக்கு. இதுங்களுக்குச் சோறே அந்தக் கலங்கல்லதான். ஒங்க ஆபீஸ்ல சொல்லி கொஞ்சம் அழுக்கு வரவழைச்சுக் குடு லா” என்றார் வீரமுத்து.

“அங்கிள், தப்பு கடல் மேல இல்ல” என்றாள் வாசுகி. அடியில் கிடந்த மோட்டார் சைக்கிளின் பின்சக்கரம் மறைந்தது. பானைகள் மறைந்தன. தேநீர் நிறத்தில் ஏதோ மேலே ஏறி வந்தது. அவள் பயந்து பேச்சை நிறுத்தினாள். அதுவும் பாதிக் கயிற்றில் நின்றது.

வீரமுத்து குனிந்து பார்த்தார். “நிறுத்தாதம்மா. இன்னும் ரெண்டு முழம் கயிறு தெரியுது. மிச்சத்தையும் சொல்லிடு” என்றார்.

வாசுகி பையிலிருந்த கறுப்பு ரப்பர் மூடியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். முப்பத்து நான்கு நாள் அதைச் சுமந்திருந்த கால் லேசானது.

“இதக் கழட்டாமலே சென்சர தண்ணில இறக்கிட்டேன், அங்கிள்.”