பொம்மை கிடைத்தவர்

காலை எட்டு மணிக்கு அந்தப் பொம்மை அம்பாரோவின் கையில் அகப்பட்டது. இறந்துபோன கணவனின் துணிமணிகளைக் கோயிலில் கொடுப்பதற்காக மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். பழுப்பு ஜாக்கெட்டின் உள்பையில் சும்மா பழக்கதோஷத்தில் விரலை விட்டாள். நிக்காந்த்ரோ ரயில் பட்டறையில் வேலை பார்த்தவர். துவைக்கும்முன் அவருடைய பைகளைத் துழாவி ஆணியும் திருகாணியும் எடுத்துப் போட்டே அவளுக்கு முப்பது வருடம் ஓடியிருந்தது. இந்தத் தடவை கையில் வந்தது விரல்நுனி அளவில் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குழந்தை.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஏனென்றால் அந்தப் பொம்மையை அவள் நாத்தனார் டெல்ஃபினா விழுங்கியிருந்தாள். பத்துப் பேர் பார்க்க விழுங்கியிருந்தாள்.

ஜனவரி ஆறாம் தேதி, மூன்று ராஜாக்கள் திருநாளில், பெரிய வளைய ரொட்டியை ஆளுக்கொரு துண்டாக வெட்டுவார்கள். உள்ளே குழந்தை இயேசு சின்னப் பொம்மையாக ஒளிந்திருப்பார். யார் துண்டில் அவர் வருகிறாரோ, அந்த ஆள் பிப்ரவரி இரண்டாம் தேதி மெழுகுவர்த்தித் திருநாளுக்கு அத்தனை பேருக்கும் தமால் என்கிற சோளமாவுக் கொழுக்கட்டை செய்து போட வேண்டும். அபிசாகோ ஊரில் இதிலிருந்து தப்பிக்க மனிதர்கள் பண்ணாத தகிடுதத்தம் கிடையாது. நாக்குக்கடியில் ஒளிப்பார்கள். பக்கத்து ஆளின் தட்டில் நைசாகத் தள்ளுவார்கள். பட்டறைக்கார ஹிலாரியோ ஒரு வருடம் பூந்தொட்டியில் புதைத்துவிட்டு, பூனை தோண்டி எடுத்ததில் மானத்தை இழந்தார். நிக்காந்த்ரோ மட்டும் அந்த ரகமில்லை. தன் துண்டில் வந்தால் பொம்மையைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டி, "எத்தனை பேருடா வர்றீங்க? கையத் தூக்குங்க!" என்று கத்துவார்.

இந்த ஜனவரியில் ரொட்டி துணுக்குக்கூட மிச்சமில்லாமல் தீர்ந்தும் பொம்மை வரவில்லை. ஆளாளுக்கு முறைத்துக்கொண்டார்கள். அப்போதுதான் டெல்ஃபினா தொண்டையைப் பிடித்துக்கொண்டு, "ஐயையோ, நான்தான் முழுங்கித் தொலைச்சுட்டேன்! சரி விடுங்க, தமால் என் பொறுப்பு," என்றாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்பாரோதான் ரொம்பச் சிரித்தாள். நிக்காந்த்ரோ சிரித்தாரா? இப்போது யோசித்துப் பார்த்தாள். ஞாபகம் வரவில்லை.

அதிலிருந்து பதினைந்தாம் நாள் அவர் போய்விட்டார். கணையத்தில் புற்று. வெறும் வயிற்றுப்புண் என்று சொல்லிக்கொண்டிருந்த மனிதர், கடைசி மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்து அங்கேயே கண்ணை மூடினார். ஒன்பது நாள் ஜெபமாலைக்கு வந்தவர்களிடமெல்லாம் அம்பாரோ ஒரே வார்த்தையைத்தான் சொன்னாள்: "பாவம், தனக்கு என்னன்னு தெரியாமலே போய்ட்டார்." அதுதான் அவளுக்கிருந்த ஒரே பிடி. தெரிந்திருந்தால் என்னிடம் சொல்லாமல் இருப்பாரா?

இப்போது பொம்மை உள்ளங்கையில் கிடந்து அவளைப் பார்த்தது. எடுத்தது அவர். விழுங்கினேன் என்றது தங்கை. எதற்காக?

அன்றுதான் அந்தப் பிப்ரவரி இரண்டு. ஒன்பது மணிக்கு டெல்ஃபினா வாளி நிறைய மாவைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து சேர்ந்தாள். ஊரிலேயே பெரிய ஆவிப்பானை அம்பாரோ வீட்டில்தான் இருந்தது, அதனால் சமையல் இங்கேதான் என்று முன்னமே பேச்சு. அம்பாரோ பொம்மையை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள்.

"அண்ணி, ராத்திரி கொஞ்சமாவது தூங்கினீங்களா?"

"எனக்கென்ன கேடு? யாருகிட்டயாவது எதையாவது மறைச்சு வச்சிருக்கேனா, தூக்கம் கெட?"

டெல்ஃபினா ஒரு கணம் பார்த்தாள். துக்க வீட்டுப் பேச்சு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பாள். சோளமாவில் பன்றிக்கொழுப்பை வைத்துக் கை வலிக்க அடிக்க ஆரம்பித்தாள். ஒரு உருண்டையை எடுத்துத் தண்ணீர்க் கிண்ணத்தில் போட்டாள். அது மேலே வந்து மிதந்தது.

"பாருங்க அண்ணி, என்னமா மிதக்குது! இந்த வருஷம் பஞ்சா வரும்."

"வரட்டும்," என்றாள் அம்பாரோ.

ஊறவைத்த சோள மடல்களை விரித்து, மாவைத் தடவி, உள்ளே பூரணம் வைத்து மடித்தார்கள். பச்சை மிளகாயும் பாலாடைக்கட்டியும் கொஞ்சம். மொளே என்கிற கறுத்த மிளகாய்க் குழம்பில் புரட்டிய கோழி கொஞ்சம். கடைசியாக, உலர் திராட்சை பதித்த இளஞ்சிவப்பு இனிப்புத் தமால். அது சின்னப் பிள்ளைகள் தின்பது. ஐம்பத்தெட்டு வயது நிக்காந்த்ரோ தின்பதும் அதுதான். பானையைத் திறந்ததும் நின்றபடியே முதல் தமாலைப் பிரித்து, விரல் சுட்டு, ஊவென்று கத்தி, அப்படியும் தின்பார். இரண்டு பெண்களும் அந்த இளஞ்சிவப்பு மாவைத் தடவும்போது ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

அம்பாரோ பானையின் அடியில் தண்ணீர் ஊற்றி ஒரு நாணயத்தைப் போட்டாள். தண்ணீர் கொதிக்கக் கொதிக்க நாணயம் டக் டக்கென்று குதிக்கும். சத்தம் நின்றால் தண்ணீர் வற்றிவிட்டது என்று அர்த்தம். மேல்தட்டில் தமால்களை நிமிர்த்தி அடுக்கி, துணி போர்த்தி, மூடியை வைத்தாள். நாணயம் பேச ஆரம்பித்தது.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்து பார்த்தார்கள். வெந்த தமால் மடலை விட்டுத் தானாகக் கழன்று வரும். இது களியாக ஒட்டிக்கொண்டு வந்தது. மறுபடி மூடினார்கள். தண்ணீர் ஊற்றினார்கள். இன்னும் ஒரு மணி நேரம் போனது. அதே களி. அடுப்பில் குறையில்லை, மாவு மிதந்த மாவு.

டெல்ஃபினா கையைப் பிசைந்தாள். "அண்ணி, இது வேற விவகாரம். யாரோ பானைகிட்ட கோவத்தோட நிக்கிறாங்க."

இதை நம்பாத அடுப்படி அந்தப் பக்கத்தில் கிடையாது. வீட்டில் எவருக்காவது உள்ளே கோபம் கனன்றால் தமால் வேகாது. படித்து டாக்டரான பெண்கூடத் தமால் வேகாவிட்டால், யார் சண்டை போட்டது என்றுதான் முதலில் கேட்பாள். அதற்குப் பரிகாரமும் உண்டு. டெல்ஃபினா இரண்டு சோள மடல்களைக் கிழித்துப் பானையின் இரண்டு கைப்பிடிகளிலும் காது மாதிரி முடிச்சுப் போட்டாள்.

"யாருக்குக் கோவமோ அவங்க பானை காதுல சொல்லிட்டு, முன்னாடி நின்னு ரெண்டு ஆட்டம் ஆடணும். எனக்கு ஒண்ணும் இல்லப்பா, சாமி சத்தியமா. உங்களுக்கு யார் மேல அண்ணி?"

அம்பாரோ ஏப்ரன் பையிலிருந்து பொம்மையை எடுத்து மேஜைமேல் வைத்தாள்.

டெல்ஃபினாவின் முகம் வெளிறிப்போனது. அங்கிருந்த முக்காலியில் அப்படியே உட்கார்ந்தாள்.

"அவர் ஜாக்கெட்டுல இருந்துச்சு," என்றாள் அம்பாரோ. "அன்னைக்குப் போட்டிருந்த ஜாக்கெட். உன் வயித்துல இருக்க வேண்டிய பொம்மை, அவர் பையில எப்படிடி வந்துச்சு?"

"அண்ணி..."

"தனக்கு என்னன்னு அவருக்குத் தெரியுமா? அதை மட்டும் சொல்லு. தெரியுமா, தெரியாதா?"

நாணயம் பானைக்குள் குதித்துக்கொண்டிருந்தது.

"தெரியும்," என்றாள் டெல்ஃபினா. "டிசம்பர் பத்தாம் தேதியே தெரியும். நான்தான் கூடப் போனேன். ரெண்டு மாசம், அதுவும் சொல்ல முடியாதுன்னார் டாக்டர். அண்ணிகிட்ட சொல்லுன்னு நான் காலைப் பிடிக்காத குறை. கிறிஸ்துமஸ் போகட்டும்னுச்சு அண்ணன். அப்புறம் ராஜாக்கள் திருநாள் போகட்டும்னுச்சு. அன்னைக்கு ரொட்டியக் கடிச்சதும் மூஞ்சி செத்துடுச்சு. நான் நேர் எதிர்ல உக்காந்திருந்தேன். வாயில இருந்து எடுத்துக் கைக்குள்ள மூடிக்கிட்டு என்னையே பாத்துச்சு. நான் என்ன பண்ணுவேன்? முழுங்கிட்டேன்னு கத்தினேன். 'பிப்ரவரி ரெண்டுக்கு நான் இருக்கமாட்டேன் டெல்ஃபினா, இல்லாத விருந்துக்கு எப்படி ஆளைக் கூப்பிடுறது'ன்னு அப்புறமா கேட்டுச்சு."

அந்த டிசம்பரும் ஜனவரியும் அம்பாரோவின் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. கோழிச்சாறு வைத்தாள். பயறு வேகவைத்தாள். சோள ரொட்டி சுட்டுச் சுடச்சுடக் கொண்டுபோய் வைத்தாள். எல்லாவற்றையும் அவர் இரண்டே விரலால் தட்டின் ஓரத்தைத் தொட்டு மெல்ல நகர்த்திவிட்டு, "பசிக்கல, அப்புறம் பாத்துக்கலாம்," என்பார். இவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஒருநாள் தாங்காமல், "என் சமையல் கசக்குதுன்னா உங்க தங்கச்சி வீட்டுலயே போய்க் கொட்டிக்கோங்க!" என்று கத்தினாள். அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் போனார்.

இத்தனை நாளும் அவளை அரித்த கேள்வி ஒன்று இருந்தது. கேட்க அசிங்கமாக இருந்ததால் கேட்காமல் விட்டது. இப்போது கேட்டாள்.

"உன் வீட்டுல என்ன சாப்பிட்டார்?"

"ஒண்ணுமே சாப்பிடல அண்ணி. வெந்நீர்ப் பையை வயித்துல அணைச்சுக்கிட்டுச் சுருண்டு கிடக்கும். வலி கொஞ்சம் விட்டா உங்க சாப்பாட்டைப் பத்திப் பேச ஆரம்பிச்சிடும். 'இன்னைக்கு அவ கோழிச்சாறு வச்சிருந்தா, வாசனை தெருவையே தூக்குச்சு, ஒரு வாய் வைக்க முடியலையே'ன்னு அழும். தினம் அதே பேச்சு."

"என்கிட்ட அழுதிருக்கலாமே!"

அம்பாரோ மேஜையில் அறைந்தாள். கிண்ணத்துத் தண்ணீர் சிந்தியது. "நான் பொண்டாட்டிடி! நாப்பது நாள்! நாப்பது நாளும் அந்த மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டினேன். ராங்கி பிடிச்ச ஆளுன்னேன். நாக்குக்குத் தங்கம் கேக்குதான்னேன். எல்லாத்தையும் நீ பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டிருந்தே. தெரிஞ்சிருந்தா மடியில போட்டுக்கிட்டிருப்பேனே, பாவி! அண்ணனும் தங்கச்சியுமா சேர்ந்து என்னைத் திட்ட விட்டீங்களே!"

"நீங்க திட்டுறதுதான் அதுக்குத் தேவையா இருந்துச்சு அண்ணி," என்றாள் டெல்ஃபினா. மூக்கு ஒழுக அழுதுகொண்டிருந்தாள். "'அவளுக்குத் தெரிஞ்சா தட்டைக் கொண்டுவந்து வச்சிட்டு அழுவா. இப்பவாவது வீடு எப்பவும்போல இருக்கு'ன்னு சொல்லுச்சு. நான் எப்படி மீறுவேன்?"

"மீறியிருக்கணும்."

டெல்ஃபினா எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள். "என் மேல தப்புதான். பானை முன்னாடி ஆடிடுங்க அண்ணி. கோவத்தை விட்டுடுங்க. நானும் கூட ஆடறேன்."

"ஆட மாட்டேன்," என்றாள் அம்பாரோ. "இந்தக் கோவத்தையும் விட்டுட்டா, அப்புறம் எனக்கு என்னடி மிச்சம் இருக்கு?"

அப்போதுதான் கருகல் வாடை மூக்கில் ஏறியது. நாணயம் எப்போது நின்றது என்று இருவருக்கும் தெரியாது. ஓடிப்போய் மூடியைத் தூக்கினார்கள். அடித்தட்டு கறுத்துப் புகைந்தது. கீழ்முனைகள் தீய்ந்துபோயிருந்தன, மேலே இன்னும் களி. வேறு வழியில்லை. கருகியதை வெட்டி எறிந்து, பானையைச் சுரண்டி, புதுத் தண்ணீர் ஊற்றித் திரும்ப ஏற்றினார்கள். மடல் காதுகளை யாரும் அவிழ்க்கவில்லை.

நான்கு மணிக்கு எல்லோரும் வந்தார்கள், அதே பத்துப் பேர், ஒருவர் குறைய. கறுப்பு உடுப்பு போட்டவளை எப்படிச் சிரிக்கவைப்பது என்று தெரியாமல் ஹிலாரியோ வாசலிலேயே ஆரம்பித்தார். "எங்கே நம்ம முழுங்கின மகராசி? பொம்மை பத்திரமா வெளியே வந்துச்சா, இல்ல இன்னும் உள்ளேதான் குடியிருக்கா?"

இரண்டு பேர் சிரித்தார்கள். டெல்ஃபினா தலையைக் குனிந்துகொண்டாள். அம்பாரோ பொம்மையை எடுத்து வந்து மேஜையின் தலைப்பக்கத்தில், யாரும் உட்காராத நாற்காலிக்கு நேரே வைத்தாள்.

"டெல்ஃபினா முழுங்கல ஹிலாரியோ. இவருக்குத்தான் வந்துச்சு. தான் இருக்கமாட்டோம்னு தெரிஞ்சு ஒளிச்சு வச்சிட்டார். இது அவர் போடுற விருந்து. எல்லாரும் உக்காந்து சாப்பிடுங்க."

ஹிலாரியோ தொப்பியைக் கழற்றினார். நாற்காலிகளை இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது. டெல்ஃபினா கோப்பைகளில் சூடான சோளக்கஞ்சியை ஊற்றினாள். தமால் முழுக்கப் புகைவாடை. நடுவில் மாவு வேகாமல் பல்லில் ஒட்டியது. எவரும் குறை சொல்லவில்லை. ஹிலாரியோ கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொன்று கேட்டு வாங்கினார், அதையும் முழுதாகத் தின்றார்.

அம்பாரோவின் தட்டில் டெல்ஃபினா ஒரு இளஞ்சிவப்புத் தமாலை வைத்தாள். அம்பாரோ மடலைப் பிரித்தாள். திராட்சை தெரிந்தது. ஒரு துண்டை எடுத்து வாயருகே கொண்டுபோனாள், முடியவில்லை. திரும்ப வைத்தாள்.

"கொஞ்சமாவது சாப்பிடுங்க அண்ணி. காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடலையே."

"பசிக்கல," என்றாள் அம்பாரோ. "அப்புறம் பாத்துக்கலாம்."

சொல்லிக்கொண்டே தட்டின் ஓரத்தை இரண்டு விரலால் தொட்டு மெல்ல நகர்த்தினாள். டெல்ஃபினா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அம்பாரோவும் பார்த்தாள்.

யாரும் அவளைத் திட்டவில்லை.