புகை இல்லாத வண்டி

ஆடியை ஒட்டி வரும் ஆஷாட மாதத்தில் புதுப் பெண்கள் தாய்வீடு போவது எங்கள் மைசூர்ப் பக்கத்து வழக்கம். சௌபாக்யாவும் போனாள். ஆஷாடம் முடிந்து மற்ற வீட்டுப் பெண்கள் திரும்பினார்கள். அவள் திரும்பவில்லை. கௌரிப் பண்டிகைக்கும் வரவில்லை.

போகும்போது சண்டை எதுவும் போடவில்லை. "பகல்ல நீங்க தூங்கறீங்க. ராத்திரி நான் தூங்கறேன். இதுக்கு எதுக்குங்க ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருக்கணும்?" என்று மட்டும் கேட்டாள். என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பஸ் வந்துவிட்டது.

நஞ்சன்கூடு ரோட்டில் ஒரு நூல் மில். அங்கே எனக்கு எப்போதும் இரவு ஷிப்டுதான். டிப்ளமோவைப் பாதியில் விட்டவனுக்கு வேறென்ன கொடுப்பார்கள். கல்யாணமான புதிதில் அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். வாரத்தில் ஒரு சாயங்காலம் வண்டியில் எங்காவது கூட்டிக்கொண்டு போக வேண்டும். என்னிடம் வண்டி இல்லை. பேச வராதவன் வண்டியையாவது வாங்கலாம் என்று, அவள் இல்லாத வீட்டுக்கு ஒரு பழைய யெஸ்டி பைக்கைக் கொண்டுவந்தேன்.

மைசூர் பன்னிமண்டபத்து மெக்கானிக் இலியாஸ் அதைச் சுற்றிவந்து பார்த்தான். "மல்லு, இத ஓட்டணும்னா பின்னாடி தள்ள ஒரு ஆள் வேணும்பா. உன் பொண்டாட்டியும் ஊர்ல இல்ல," என்றான். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவனிடம் பாகங்களை மட்டும் வாங்கிக்கொண்டு நானே பிரித்தேன்.

ஷிப்டு முடிந்து வந்தால் தூக்கம் இல்லை, வண்டிதான். டாங்கிக்குள் துரு. ஒரு கைப்பிடி ஜல்லியும் டீசலும் போட்டுத் தோள் வலிக்கக் குலுக்கினேன். சைலன்சரைக் கழற்றி விறகு நெருப்பில் போட்டு உள்ளே ஒட்டியிருந்த கரியை எரித்தேன். கார்புரேட்டரை எத்தனை முறை ஊதினாலும் ஒரு பொடி மிச்சம் இருந்தது. கிக்கர் பலமுறை கெண்டைக்காலில் திருப்பி அடித்தது. முன்பு வண்டியை வைத்திருந்தவர் ஹெட்லைட்டுக்கு மேல் 'அக்ஷதா' என்று மகள் பெயரை எழுதியிருந்தார். அதைச் சுரண்டி எடுத்தேன். டாங்கிக்குக் கருஞ்சிவப்பு அடித்தேன். பெயர் எழுதும் இடத்தைச் சும்மா விட்டேன்.

தசரா நெருங்கியபோது ஒரே உதையில் கிளம்பியது. சிக்னலில் அணையாமல் நின்றது. புகை மட்டும் போகவில்லை. அதற்கு ஒன்றும் செய்வதற்கில்லை. இது டூ ஸ்ட்ரோக் வண்டி, பெட்ரோலிலேயே எண்ணெய் கலந்து ஊற்ற வேண்டும். பிஸ்டனைக் காப்பாற்றுவது அந்த எண்ணெய்தான். புகையாக வருவதும் அதுதான்.

மாமனார் ராச்சப்பா போன் செய்தார். "மாப்பிள்ளை, ஆயுத பூஜைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க. வரேன்னு சொல்லியிருக்கா. ஆனா ஒண்ணு. மறுபடியும் பாதியில இங்க திரும்பி வந்தாள்னா அப்புறம் நான் அனுப்பமாட்டேன். ஊர்ல எத்தனை பேருக்குங்க பதில் சொல்றது?"

மில்லிலிருந்து நேராகக் கிளம்பினேன். தெரக்கணாம்பி தாண்டி அவர்கள் ஊர். வாசலில் போய் நின்றதும் அவள் தம்பி மாதேஷ் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தான். "என்ன பாவா, பஞ்சாயத்துல கொசு மருந்து அடிக்கச் சொன்னாங்களா?"

சௌபாக்யா கதவருகே நின்று சிரித்தாள். அவள் சிரித்து ரொம்ப நாளாகியிருந்தது. வெளியே வந்து ஹெட்லைட்டைத் தடவிப் பார்த்தாள்.

"இங்க ஏதோ பேர் இருந்திருக்கே. யாருங்க அவ?"

"பழைய ஓனரோட பொண்ணு."

"நல்லவேளை, சுரண்டிட்டீங்க."

வண்டியைக் கழுவிக் குங்குமம் வைத்துச் செண்டுமல்லி மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்கினோம். சாம்பல் பூசணியை உடைத்தார்கள். ஒப்பட்டும் சித்ரான்னமும் சாப்பிட்டுவிட்டுச் சுவரோரம் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப்போனேன். பகல் தூக்கம். அதை எந்த ஊரிலும் என்னால் நிறுத்த முடிந்ததில்லை.

எழுந்தபோது வெயில் இறங்கியிருந்தது. வண்டி வாசலில் வைத்த இடத்திலேயே நின்றது. அவள் பையோடு தயாராக இருந்தாள். இருக்கிற பெட்ரோல் நஞ்சன்கூடு வரை வரும், அங்கே போட்டுக்கொள்ளலாம் என்று கணக்குப் போட்டுக் கிளம்பினேன்.

குண்டலுப்பேட்டை தாண்டியதும் வண்டி வேறு மாதிரி ஓட ஆரம்பித்தது. சத்தம் சுத்தமாக இருந்தது. ஆக்ஸிலேட்டரைத் திருகியதும் துள்ளியது. கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் ரோடு தெளிவாகத் தெரிந்தது.

"ஏங்க, பொகையே வரலியே!" என்றாள் தோளுக்குப் பின்னாலிருந்து. "புடவை நாறும்னு பயந்துட்டே வந்தேன்."

"ட்யூனிங் இப்பதான் செட் ஆயிருக்கு," என்றேன்.

அவள் கையை என் இடுப்பில் வைத்தாள். "நாளைக்கு யானை ஊர்வலம் பாக்கப் போலாமா?"

"போலாம்."

"அடுத்த வாரம் மலைக்கு?"

"போலாம்."

"அப்பா! ரெண்டு தடவை பதில் வந்துடுச்சு," என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆக்ஸிலேட்டரை இன்னும் கொஞ்சம் திருகினேன்.

பேகூருக்கு முன்னால் ஒரு மேடு. அதில் ஏறும்போது இரும்பை இரும்பால் தேய்ப்பதுபோல ஒரு சத்தம். பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொண்டது. கிளட்சைப் பிடித்து எப்படியோ ஓரம் கட்டினேன். சௌபாக்யா கீழே விழவில்லை. பைதான் விழுந்தது.

சிலிண்டர் பக்கம் கை வைக்க முடியவில்லை. டாங்கி மூடியைத் திறந்தேன். பெட்ரோல் கிட்டத்தட்ட விளிம்பு வரை இருந்தது. விரலை விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். நான் கலப்பது பச்சையாக இருக்கும், விரலில் வழுக்கும். இது தண்ணீர்போல உடனே காய்ந்துவிட்டது. பக்கப் பெட்டியில் எண்ணெய் பாட்டில் மூடி உடையாமல் கிடந்தது.

"பெட்ரோல் யாரு போட்டா?"

"மாதேஷ். நீங்க தூங்கறப்ப சிநேகிதங்களைக் கூட்டிட்டுச் சுத்தினான். சொட்டுகூட இல்லாம நின்னுடுச்சாம். அதான் ஃபுல் பண்ணிக் கொண்டுவந்து விட்டான். பாவாகிட்ட சொல்லாதேக்கா, வழியில பாத்துட்டு ஆச்சரியப்படட்டும்னான். அவன் சம்பளத்துல போட்டதுங்க."

"எண்ணெய் ஊத்தினானா?"

"என்ன எண்ணெய்?"

நான் மூடியைத் திருகி மூடினேன்.

"அப்ப என் தம்பிதான் கெடுத்தானா?"

"நான் அப்படிச் சொல்லல."

"சொல்லல. நீங்க எதைத்தாங்க சொன்னீங்க? இப்பவாவது வாயைத் திறந்து திட்டுங்களேன்."

திட்டியிருக்கலாம். என்னையும் சேர்த்துத் திட்டியிருக்கலாம். புகை வராத டூ ஸ்ட்ரோக் சாகப்போகிற டூ ஸ்ட்ரோக் என்று தெரிந்தவன் நான். அவள் மெச்சிய ஒரு நிமிஷத்தில் அது என் மண்டையில் ஏறவில்லை. இதையெல்லாம் எங்கிருந்து தொடங்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.  அவள் மைல்கல்லில் போய் உட்கார்ந்தாள்.

இன்ஜின் ஆறியதும் கிக்கரை மிதித்தேன். எந்தப் பிடிப்பும் இல்லாமல் கீழே இறங்கியது. பிஸ்டன், ரிங், சிலிண்டர் எல்லாம் போயிருந்தது.

மைசூர் போகும் பஸ் வந்தது. இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டி, தசரா பார்க்கப் போகிற கூட்டம் படியில் தொங்க வந்தது. சௌபாக்யா எழுந்து கை காட்டினாள். அதை நான் பார்த்தேன். எங்கள் வீட்டுப் பக்கம் போகிற மைசூர் பஸ்ஸுக்குத்தான் கை காட்டினாள். டிரைவர் நிறுத்தவில்லை.

அடுத்து எதிர்ப்பக்கத்திலிருந்து, அவள் ஊர்ப் பக்கம் போகும் குண்டலுப்பேட்டை பஸ் வந்தது. காலியாக இருந்தது. யாரும் கை காட்டாமலேயே நின்றது.

கண்டக்டர் எட்டிப்பார்த்தார். "ஏம்மா, இருட்டப்போவுது. ஏறுறதுன்னா ஏறு."

அவள் என்னைப் பார்த்தாள். "நில்லு," என்று ஒரு வார்த்தை போதும். நின்றால் எங்கே, எதுவரை, எந்த வண்டியில் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"வண்டி சரியானதும் வாங்க," என்று பையை எடுத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து ஏறினாள். அவள் அப்பா சொன்னது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். ஜன்னலோரம்தான் உட்கார்ந்தாள். பஸ் திரும்புகிற வரை இந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு வண்டியைத் தள்ளினேன். பேகூர் வரை மேடு. டாங்கி நிறையப் பெட்ரோல். ஒவ்வொரு தள்ளலுக்கும் அது உள்ளே தளும்பிக்கொண்டே வந்தது.