எந்தப் பெருசு?

"மறுபடியும் கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்கம்மா. அவர் அசையலைன்னு நீங்க பார்த்தது ஏழு அஞ்சுக்கு. ஆம்புலன்ஸுக்குப் போன் வந்தது ஏழு இருபத்தேழுக்கு."

"ஆமா."

"நடுவுல இருபத்திரண்டு நிமிஷம் இருக்கே."

"இருக்கு."

டாக்டர் படிவத்தின் மேல் பேனாவை நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். அம்மா புடவைத் தலைப்பை மடியில் வைத்து நீவினாள்.

"எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல, டாக்டர். அப்படியே உக்காந்துட்டேன்."

"யாருக்காவது போன் பண்ணீங்களா?"

அம்மா எதிர்ச் சுவரைப் பார்த்தாள். அந்தச் சுவரில் சாய்ந்து நின்றிருந்த மகளைப் பார்க்கவில்லை.

"இல்லை," என்றாள்.

மகளின் கைப்பைக்குள் போன் இருந்தது. அதில் காலை ஏழு ஆறுக்கு அம்மாவிடமிருந்து வந்த ஓர் அழைப்பு. பேசிய நேரம் பத்தொன்பது நொடி. அதற்குப் பிறகு, எடுக்கப்படாத அழைப்புகள் மூன்று.

டாக்டர் ஏதோ எழுதினார். படுக்கையறைக் கதவு பாதி சாத்தியிருந்தது. அப்பாவின் பாதங்கள் மட்டும் தெரிந்தன. ஒன்றில் செருப்பு இருந்தது, மற்றொன்றில் இல்லை. ஆம்புலன்ஸ்காரர்கள் அடுக்களை நாற்காலியிலிருந்து அவரைத் தூக்கி வந்தபோது அது எங்கோ கழன்றிருக்க வேண்டும்.

"சீக்கிரம் கூப்பிட்டிருந்தா?" என்று மகள் கேட்டாள். அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது.

"அதை இப்போ யாராலயும் சொல்ல முடியாதும்மா. பிழைச்சிருக்கலாம். பிழைக்காமலும் போயிருக்கலாம்." டாக்டர் பையை மூடினார். "மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க."

அவர் போன பிறகு அம்மா எழுந்து படுக்கையறைக்குள் போனாள். மகள் அடுக்களைக்குப் போனாள்.

*

அந்த வீட்டில் பெருசு என்றால் முதலில் காபி மெஷின்தான். பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் அப்பா வாங்கி வந்தது. மேலே தண்ணீர் ஊற்றி, காகித வடிகட்டியில் பொடியைப் போட்டு, பொத்தானை அமுக்கினால் போதும். தண்ணீர் தானே கொதித்துச் சொட்டுச் சொட்டாகக் கீழே கண்ணாடிக் கூஜாவில் இறங்கும். கடைசிச் சொட்டு விழுந்ததும் உள்ளிருந்து நீளமாக ஒரு பெருமூச்சு வரும், மாடிப்படி ஏறி வந்த கிழவர் விடுவதைப் போல. அண்ணனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவன்தான் பெயர் வைத்தான்.

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். பழுதாகும் பொருட்களோடு வாழ்நாள் முழுக்கப் பழகியதால் பழுதாகாத ஒன்றின் மேல் அவருக்கு ஏறக்குறைய பக்தி. மாதம் ஒருமுறை எலுமிச்சைச் சாறு விட்டு அதன் குழாயைக் கழுவினார். வாங்கிய நாள் ஒவ்வொரு வருடமும் திரும்பி வரும்போது அதன் முதுகில் வெள்ளை ஒட்டுத்தாள் ஒன்றை ஒட்டி எழுதினார்: ஏழாம் வருஷம், நல்லா ஓடுது. பதினாலாம் வருஷம், நல்லா ஓடுது. வேறு யாரைப் பற்றியும், எதைப் பற்றியும் அவர் அப்படி எழுதியதோ சொன்னதோ இல்லை. பிள்ளைகளின் மதிப்பெண் அட்டைகளில்கூடக் கையெழுத்தை மட்டும் போடுவார்.

அவர் ஓய்வு பெற்று, தலை நரைத்து, நாற்காலியில் உட்கார்ந்து பெருமூச்சு விடத் தொடங்கியபோது அம்மா அதே பெயரை அவருக்கும் வைத்தாள். அதன் பிறகு யார் பெருசு என்று சொன்னாலும் அடுத்தவர் "எந்தப் பெருசு?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. "அடுக்களைப் பெருசா, நாற்காலிப் பெருசா?" பெருசு மக்கர் பண்ணுது. பெருசு சூடா இருக்கு, பக்கத்துல போகாதே. பெருசுக்கு இன்னிக்குத் தண்ணி பத்தல. எல்லாம் இருவருக்கும் பொருந்தின. மனிதருக்கு ஒரு விகுதி, பொருளுக்கு ஒரு விகுதி என்று மொழி வினைச்சொல்லில் போட்டு வைத்திருக்கும் வேலியை அந்த ஒரு வார்த்தை சிரித்துக்கொண்டே தாண்டியது. பெருசு வந்துச்சு, பெருசு போச்சு, பெருசு நின்னுடுச்சு. அப்பாவுக்கு அதில் கோபமே இல்லை. "அதுக்கு நான் தம்பி. அது என்னைவிட உழைப்பாளி," என்பார்.

மகள் வேலை செய்வது ஒரு சலவை மெஷின் கம்பெனியின் புகார்ப் பிரிவில். காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஒரு நாளைக்கு அறுபது பேரிடம் பேச வேண்டும். நகரத்தின் மறுகோடியில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். அறைக்குத் திரும்பினால் பேச ஒருவரும் இல்லை. அம்மா போன் செய்வாள். அப்பா ஒருநாளும் செய்ததில்லை.

"உங்க கம்பெனிக்கெல்லாம் குறை இருக்கறவன்தானே போன் பண்றான்?" என்று ஒருமுறை கேட்டார். "திருப்தியா இருக்கறவன் எதுக்கும்மா போன் பண்ணப் போறான்?"

அவர் மெஷினைப் பற்றித்தான் பேசுகிறார் என்று அவள் அன்று நினைத்துக்கொண்டாள்.

அன்றைக்குக் காலை ஏழு மணி ஷிஃப்ட். சொந்தப் போனைச் சத்தமில்லாமல் செய்து இழுப்பறையில் போட்டுவிட வேண்டும் என்பது அங்கே விதி. போடப் போகும் நேரத்தில் அம்மா அழைத்தாள். ஒரு காதில் ஹெட்செட். அதில் தண்ணீர் வடியாத சலவை மெஷினோடு ஒரு பெண் காத்திருந்தாள்.

"பெருசு மூச்சே விட மாட்டேங்குதுடி. தட்டிப் பார்த்துட்டேன். அப்படியே இருக்கு."

"வயரைக் கழட்டிட்டுப் பத்து நிமிஷம் விடும்மா. தானா சரியாயிடும். எனக்கு லைன்ல ஆள் நிக்கிறாங்க."

"இல்லடி…"

அவள் வைத்துவிட்டாள். வயரைக் கழட்டிட்டுப் பத்து நிமிஷம் விடுங்க. ஒரு நாளைக்கு அறுபது முறை சொல்லும் வாக்கியம் அது. அவள் யோசிக்காமல் வாய் சொல்லிவிட்டது. எந்தப் பெருசு என்று கேட்கவில்லை. வீட்டில் எல்லோரும் எப்போதும் கேட்கும் கேள்வி.

எட்டேகாலுக்கு மேற்பார்வையாளர் அவள் மேசைக்கு வந்து, பக்கத்து வீட்டுத் தையற்காரர் அலுவலக எண்ணுக்கு அழைத்ததாகச் சொன்னார்.

*

இப்போது அடுக்களையில் காபி மெஷின் இருந்த இடத்திலேயே இருந்தது. கூஜாவில் சரிபாதி காபி. மேல் தொட்டியில் சரிபாதி தண்ணீர். வடிகட்டியில் பொடி பாதி நனைந்து, ஓரங்களில் உலர்ந்து கிடந்தது. வயர் சுவரிலிருந்து கழற்றப்பட்டு, பிளக் மேடையின் மேல் தனியாகக் கிடந்தது.

அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

மெஷின் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. பாதி இறங்கும்போது யாரோ வயரைக் கழற்றியிருக்கிறார்கள்.

டிவி நின்றால், போனில் எழுத்து சிறியதாகிவிட்டால், வாசல் மணி அடிக்காவிட்டால் அம்மா அவளைத்தான் கேட்பாள். அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் செய்வாள். ஏன் என்று கேட்க மாட்டாள். "நீ படிச்சவ," என்பாள்.

பின்னால் காலடிச் சத்தம். அம்மா வந்து பிளக்கை எடுத்தாள். புடவையில் ஒருமுறை துடைத்தாள். சுவரில் இருந்த துளைகளில் அதைச் செருகினாள். பொத்தானை அமுக்கவில்லை. கூஜாவை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் கவிழ்த்துக் கழுவி, கவிழ்த்தே வைத்தாள்.

"அம்மா…"

"அண்ணன் வர்ற நேரமாச்சு. போய் முகத்தைக் கழுவு."

*

அண்ணன் மதியம் வந்தான். அவனோடு அத்தையும் வந்தாள், அப்பாவின் அக்கா. அழுது முடித்ததும் கணக்குப் பார்க்க ஆரம்பித்தார்கள். தையற்காரர் பாவம், கேட்டதற்குப் பதில் சொன்னார்: "ஏழு இருபத்தஞ்சு இருக்கும். அம்மா வந்து கதவைத் தட்டினாங்க. நான்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்."

"இருபது நிமிஷம்மா!" அண்ணன் அம்மாவின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். "பக்கத்து வீட்டுக்குப் பத்து எட்டு. இருபது நிமிஷம் என்ன பண்ணே?"

"கை கால் ஓடலப்பா."

"கை கால் ஓடலையாம்," என்றாள் அத்தை. "நாக்கு நல்லா ஓடும். முப்பத்தஞ்சு வருஷமா என் தம்பி கேட்டுக்கிட்டுத்தானே இருந்தான். இன்னிக்கு ஒரு கூச்சல் போட அது ஓடலையா?"

அம்மா தலை நிமிரவில்லை. மகள் வாயைத் திறந்தாள். நாக்கின் நுனிவரை வார்த்தை வந்துவிட்டது.

"எனக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணி கொண்டா," என்றாள் அம்மா. அவசரமாக, சற்று உரக்க.

அவள் போனாள். தம்ளரில் தண்ணீர் நிரம்பி வழிந்து மணிக்கட்டில் ஓடும்வரை குழாயின் முன்னால் நின்றாள். திரும்பி வந்தபோது வண்டி எப்போது வரும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் தம்ளரை அம்மாவிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

சாயங்காலம் எல்லாம் முடிந்து வீடு திரும்பும்போது அண்ணன் அவள் தோளில் கையைப் போட்டான். "நல்லவேளை, நீயாவது இதே ஊர்ல இருந்தே," என்றான்.

*

மூன்றாம் நாள் அண்ணன் கிளம்பினான். அத்தையை முன்னால் ஆட்டோவில் ஏற்றிவிட்டு, பெட்டியை எடுக்க உள்ளே வந்தான். தங்கையிடம், "போயிட்டு வரேன்," என்றான். அம்மா படுக்கையறை வாசலில் நின்றாள். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் காலைப் பார்த்துச் சொன்னான்.

"போறேன்."

அவ்வளவுதான். வர்றேன் என்பது இல்லை. சிறுவயதில் பள்ளிக்கூடம் கிளம்பும்போது அவன் வாய்தவறி அப்படிச் சொன்னால், அம்மா தெருமுனைவரை ஓடிப் போய்த் திருத்திச் சொல்ல வைத்துவிட்டுத்தான் வருவாள். இன்று வாசல்வரைகூட வரவில்லை. ஆட்டோவின் சத்தம் திருப்பத்தில் மறைந்த பிறகு, "சாப்பிட்டானோ என்னவோ," என்றாள்.

வீடு திடீரெனப் பெரிதாகிவிட்டது. மூன்று நாட்களாக நாற்காலிகளுக்கு அடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது எல்லா நாற்காலிகளும் யாரையோ எதிர்பார்ப்பவை போலக் கூடத்தில் வட்டமாகக் கிடந்தன.

அம்மா அடுக்களைக்குப் போனாள். சற்று நேரம் கழித்து அங்கிருந்து கூப்பிட்டாள்.

"இதுல எத்தனை கரண்டி போடுவார்?"

மகள் எழுந்து போனாள். காபிப் பொடி டப்பா திறந்திருந்தது. அம்மா காகித வடிகட்டியைக் கூடையில் வைக்கத் தெரியாமல், அதைக் குழந்தையின் தொப்பியைப் போல இரு கைகளிலும் விரித்துப் பிடித்திருந்தாள். பத்தொன்பது வருடங்களில் ஒருநாளும் அவள் அந்த மெஷினைத் தொட்டதில்லை. அது அவருடைய வேலை.

"தெரியலம்மா."

"நாலா?"

"நாலு போட்டுப் பார்ப்போம்."

நாலாவது கரண்டியில் கொஞ்சம் பொடி மேடையில் சிந்தியது. மகள் தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அமுக்கினாள். சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே எங்கோ முனகல் எழுந்தது. இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று, முதல் சொட்டு விழுவதைப் பார்த்தார்கள்.

"அண்ணன்கிட்ட நான் சொல்லிடறேன்," என்றாள் மகள்.

"என்னன்னு?"

"நான் சொன்னதைத்தான் நீ செஞ்சேன்னு."

"சொல்லி? என்கூடப் பேசாம இருக்கறவன் உன்கூடவும் பேசாம இருப்பான். அதுல எனக்கு என்ன லாபம்?" அம்மா சொட்டுகளிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நான் இன்னும் எத்தனை நாளைக்கு? நீங்க ரெண்டு பேரும் நாப்பது வருஷம் இருக்கணும்."

"இல்லடின்னு நீ ஆரம்பிச்சே. நான் வச்சுட்டேன்."

"வேலை நேரம்."

"மூணு தடவை கூப்பிட்டே."

"விடு."

"அப்புறம் ஏம்மா கழட்டினே? அவரை நாற்காலியில அப்படிப் பார்த்துக்கிட்டே…"

கூஜாவின் அடிப்பாகம் மறைந்து, காபி ஒரு விரல் உயரம் ஏறியது.

"தெரியலடி. நீ சொன்னியா, கை தானா போச்சு. நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்னு. கழட்டிட்டு அவர் பக்கத்துலயே கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு நின்னேன். பத்து நிமிஷம்."

அவள் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அழுகைகூட இல்லை. வழக்கமாக அவள் சொல்வதைப் போல, நடந்ததை நடந்தபடி சொன்னாள்.

மகளுக்கு அலுவலகத்தின் நினைவு வந்தது. அறுபது பேரில் நாற்பது பேராவது திட்டுவார்கள். முட்டாள் என்பார்கள், உங்களுக்கெல்லாம் யார் வேலை கொடுத்தது என்பார்கள், அவள் ஹெட்செட்டைக் காதிலிருந்து சற்றுத் தள்ளி வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். எல்லாம் கொட்டித் தீர்ந்த பிறகு ஒரு கணம் இருக்கும். மூச்சு வாங்கும் ஓசை. பிறகு, "சரிம்மா, நீ என்ன பண்ணுவே. வச்சிடறேன்," என்பார்கள். முகம் தெரியாத அவர்களிடம் அவளுக்கு அந்தக் கணம் பிடிக்கும்.

"அம்மா."

"ம்."

"என்னை ஒரே ஒரு தடவை திட்டிடேன்."

அம்மா ஆள்காட்டி விரலை நாக்கில் வைத்து ஈரமாக்கினாள். மேடையில் சிந்தியிருந்த பொடியை அதால் ஒற்றி ஒற்றி எடுத்து, உள்ளங்கையில் சேர்க்கத் தொடங்கினாள்.