மஞ்சள் விளக்கும் இஸ்திரிச் சட்டையும்

கண்ணாடிக்காரருக்கு அந்த ஆளைக் கண்டாலே ஆகாது. இத்தனைக்கும் அவனை அவர் பார்த்தது ஒரே ஒரு தடவைதான். மனைவி புதுக் கார் எடுத்த அன்று ஷோரூம் வாசலில் சாவியை இரண்டு கையாலும் நீட்டிக்கொண்டு நின்றான். சட்டையில் மருந்துக்குக்கூடச் சுருக்கம் கிடையாது. கை மடிப்பில் காய்கறி நறுக்கலாம். "ஏதாவதுன்னா என்னைக் கூப்பிடுங்க மேடம், எந்நேரமானாலும்" என்றான். மேடத்துக்குப் பக்கத்தில் புருஷன் என்று ஒருத்தன் நிற்பது அவன் கண்ணில் பட்டதாகவே தெரியவில்லை. அன்றைக்கே அவர் அவனுக்குப் பெயர் வைத்துவிட்டார்: இஸ்திரி.

கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் அவர். லென்ஸைத் தேய்த்துத் தேய்த்து ஃப்ரேமுக்குள் அடக்குகிற கை. அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். விழுந்து எழுந்தவர்களுக்கு வீடு வீடாகப் போய் நடை பழக்குகிறவள். அவளுடைய பழைய காரை வருஷக்கணக்கில் ஓட வைத்தது கண்ணாடிக்காரரின் கைதான். வண்டி மக்கர் செய்தால் நேராகக் கடைக்குப் போன் வரும். "என்னங்க, வண்டி இருமுது." இல்லாவிட்டால், "என்னங்க, திரும்பும்போது முனகுதுங்க." இருமலா, முனகலா, விக்கலா என்று கேட்டே நோயைச் சொல்லிவிடுவார். சாயங்காலம் கையெல்லாம் கிரீஸோடு வீட்டுக்குள் வரும்போது அவள் சோப்பை எடுத்து நீட்டுவாள். அந்த சோப்புக்காகவே வண்டி அடிக்கடி இருமினால் நன்றாக இருக்கும் என்று அவருக்குத் தோன்றியதுண்டு.

புதுக் கார் இருமவும் இல்லை, முனகவும் இல்லை. பானெட்டைத் திறந்தால் பெரிய கறுப்பு மூடி ஒன்று, அதன் மேல் கம்பெனி முத்திரை. ஆயில் பார்க்கிற குச்சியைக்கூடக் காணோம். திறந்த பானெட்டை அப்படியே மூடிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு வண்டியைப் பற்றி எது என்றாலும் இஸ்திரிதான். சர்வீஸ் தேதி நெருங்கினால் போன். சர்வீஸ் முடிந்து மூன்றாம் நாள், "வண்டி எப்படி ஓடுது மேடம்?" என்று இன்னொரு போன். கார் வாங்கி ஒரு வருஷம் ஆனதற்கு வாழ்த்துச் சொல்ல வேறு ஒரு போன். "பாவம், எவ்ளோ அக்கறையாக் கேக்குறார் பாருங்க" என்றாள் மனைவி. அந்த வருஷம் கல்யாண நாளையே மறந்துபோயிருந்த கண்ணாடிக்காரர் செய்தித்தாளைப் புரட்டினார். வயிறு எரிந்தது. காரின் பிறந்தநாளை ஞாபகம் வைத்திருப்பவன் கார்க்காரியின் பிறந்தநாளை மட்டும் விட்டுவைப்பானா என்ன?

ஒருநாள் சாயங்காலம் அவள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள்.

"ஸ்டியரிங்குக்குப் பின்னாடி மஞ்சளா ஒரு விளக்கு எரியுதுங்க. நாளைக்குப் போய் அவர்கிட்டக் காட்டிட்டு வந்துரவா?"

அவர்! பெயரில்லாமல் 'அவர்' என்று ஒரு மனைவி சொன்னால் அது கட்டின புருஷனைத்தான். இத்தனை வருஷமும் அந்தச் சொல்லுக்கு ஏகபோக உரிமை தமக்கென்றே நினைத்துக்கொண்டிருந்தவர் கண்ணாடிக்காரர்.

"எந்த அவரும் வேணாம்," என்றார். "நானே பாக்குறேன்."

"இதெல்லாம் கம்ப்யூட்டர்ங்க. உங்களுக்கு எதுக்கு வீண் சிரமம்?"

வீண் சிரமம் என்றது அவரை இன்னும் கிளறிவிட்டது. மறுநாளே தீப்பெட்டி அளவில் ஒரு ஸ்கேனர் வாங்கி வந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற துளையில் அதைச் செருகினால், வண்டி என்ன நினைக்கிறது என்று போனில் வந்துவிடும். மூன்றாவது சிலிண்டர் சரியாகப் பற்றவில்லை என்று வந்தது. இவ்வளவுதானா? கறுப்பு மூடியைக் கழற்றினார். பிளக்கை எடுத்துப் பார்த்தார், நன்றாகத்தான் இருந்தது. அதற்கு மேலே உட்கார்ந்து தீப்பொறிக்கு மின்சாரம் கொடுக்கும் காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போட்டார். கோளாறும் அதோடு கூடவே இடம் மாறியது. ஆக, காயில்தான். கண்டுபிடித்தது முழுக்க முழுக்க அவர் மூளை. அதில் யாருக்கும் பங்கில்லை. சந்தோஷத்தில் விசிலே அடித்தார்.

காயில் வாங்கப் போனபோதுதான் விசில் நின்றது. எந்தக் கடையிலும் இல்லை. "இந்த மாடலுக்கு ஷோரூம் கவுண்டர்ல மட்டும்தான் சார் கிடைக்கும்" என்று எல்லாரும் கைவிரித்தார்கள். ஷோரூம் கவுண்டர் என்றால், இஸ்திரியின் மேஜைக்கு எதிரே. அங்கே போய் நின்று, "தம்பி, ஒரு காயில்" என்று அவனிடம் கையேந்துவதா? உயிரே போனாலும் அது நடக்காது. வெளியூர்க் கடை ஒன்றில் சொல்லிவைத்தார். வரும்வரை சும்மா இருந்திருக்கலாம். ஆனால் போனில், ஸ்கேனர் ஆப்பில், கோளாறுப் பதிவை 'அழி' என்று ஒரு பொத்தான் இருந்தது.

அழுத்தினார். மஞ்சள் விளக்கு அணைந்தது.

காலையில் வண்டியைக் கிளப்பியவள் அப்படியே இறங்கி ஓடிவந்தாள். "என்னங்க, சரியாயிடுச்சு!" அந்த முகத்தைப் பார்த்த பிறகு, "இல்லம்மா, இன்னும் காயில் வரணும்" என்று சொல்ல எந்தப் புருஷனுக்கு நா எழும்? அன்று ராத்திரி அவள் தங்கையிடம் போனில் பேசியது உள்ளறையில் படுத்திருந்தவர் காதில் விழுந்தது. "ஷோரூமாவது ஒண்ணாவது! எங்க வீட்லயே டாக்டர் இருக்கார்டி." இன்னொரு நாள் இஸ்திரியே கூப்பிட்டபோது, "இல்லைங்க, என் வீட்டுக்காரரே பாத்துட்டார்" என்று சொல்லிவிட்டு வைத்தாள். எதிர்முனையில் அவன் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்து நினைத்துக் கண்ணாடிக்காரர் கடையில் தனியாகச் சிரித்தார். லென்ஸ் வாங்க வந்தவர் தம்மைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று கோபித்துக்கொண்டு போனார்.

இரண்டு மூன்று நாளில் விளக்கு மறுபடி எரியும் என்பது அவருக்குத் தெரியும். எரிந்தால் மானம் போகும். அதனால் விடியற்காலையில், அவள் அடுப்பு மூட்டுகிற சத்தம் கேட்டதும், மெல்ல எழுந்து போய்க் காருக்குள் உட்கார்ந்து, போனைப் பார்த்துப் பொத்தானை அழுத்திவிட்டு வருவார். இது தினசரி வழிபாடு மாதிரி ஆகிவிட்டது. பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகம் இருண்டுவிடும் என்று நினைக்குமாம். இவர் வண்டியின் கண்ணை மூடிவிட்டு அப்படி நினைத்தார்.

"மேடு ஏறும்போது நடுங்குதுங்க" என்றாள் ஒருநாள்.

"ரோடு அப்படி" என்றார்.

வெளியூர்க் கடைக்காரன் இன்று நாளை என்று இழுத்தடித்துக்கொண்டே இருந்தான். இடையில் அவள் பேச்சுக் கொஞ்சம் குறைந்துபோயிருந்ததை அவர் கவனித்தார். வேலைக் களைப்பு என்று தாமே காரணமும் சொல்லிக்கொண்டார்.

பாலத்தின் உச்சியில் வைத்து வண்டி நின்றது. அவள் கடைக்குப் போன் செய்தாள். "என்னங்க, வண்டி நின்னுபோச்சு. ஒரே தீஞ்ச வாடை. பின்னால வந்த லாரி ஒரு முழம் தள்ளித்தான் நின்னுச்சு." கண்ணாடிக்காரர் கடையைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினார். அவர் போய்ச் சேருவதற்குள் ஷோரூம் வண்டி வந்து காரைக் கட்டி இழுத்துக்கொண்டு போயிருந்தது. அவளும் அதிலேயே போய்விட்டாள்.

ஷோரூமில், கண்ணாடி அறைக்குள், மேஜையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு இஸ்திரி உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் மேனேஜர். எதிரே மனைவி, முகம் சிவந்துபோய்.

"வாங்க. இவர் சொல்றதைக் கேளுங்க" என்றாள்.

இஸ்திரி நிதானமாகச் சொன்னான். "காயில் போயிருக்கு சார். அது சின்ன விஷயம், வாரண்டியிலேயே மாத்திக் குடுத்திருப்போம். ஆனா ரொம்ப நாளா அப்படியே ஓட்டுனதால எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போயி, புகையைச் சுத்தம் பண்ற பாகம் கருகிப்போச்சு. விளக்கு எரிஞ்சிருக்கணுமே மேடம்?"

"எரியலைன்னு எத்தனை தடவை சொல்றது? இவர்தான் அதை அப்பவே சரி பண்ணிட்டாரே."

"கோளாறுப் பதிவை யாரோ அழிச்சிருக்காங்க மேடம். அழிச்சதுக்கப்புறம் வண்டி எவ்ளோ தூரம் ஓடுச்சுன்னு இதுல காட்டும். பாருங்க, உங்க வீட்லேர்ந்து பாலம் வரைக்கும் எவ்ளோவோ, அவ்ளோதான் ஓடியிருக்கு. அப்படின்னா இன்னைக்குக் காலையிலதான்..."

"பொய்!" அவள் மேஜையைத் தட்டினாள். "என் வீட்டுக்காரர் கைவச்சு ஒரு வண்டி கெட்டதா சரித்திரமே கிடையாது. வாரண்டி குடுக்கக் கூடாதுன்னு நீங்க கதை கட்டுறீங்க. உங்க கம்ப்யூட்டர்தான் தப்பு. இல்லைன்னா நீங்க தப்பு. மேனேஜர் சார், இந்த ஆளை மாத்துங்க. இனிமே இவர் என் வண்டியைத் தொடக் கூடாது."

மேனேஜர் இஸ்திரியை முறைத்தார். "ஏற்கெனவே வேற ஒரு கஸ்டமர் குடுத்த புகார் உன் மேல நிக்குது, தெரியுமில்ல?"

கண்ணாடிக்காரர் மடிக்கணினியையும் மனைவியையும் மாறி மாறிப் பார்த்தார். எந்த நாளுக்காக இத்தனை மாதமாகத் தவம் கிடந்தாரோ அந்த நாள் தானாக வந்து மடியில் விழுந்திருந்தது. 'இனிமே இவர் தொடக் கூடாது' என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று, பேசாமல் இருப்பது. அதைவிடச் சுலபமான வேலை உலகத்தில் உண்டா?

இஸ்திரி தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான். ஒரு நொடிதான். எல்லாம் புரிந்துவிட்டது அவனுக்கு. பிறகு மேடத்தின் பக்கம் திரும்பினான்.

"மன்னிச்சுக்குங்க மேடம். கம்ப்யூட்டர் சில சமயம் தப்பாக் காட்டும். நான்தான் சரியாப் பாக்காம சொல்லிட்டேன். சார் செஞ்சதுல ஒண்ணும் தப்பில்லை."

கண்ணாடிக்காரருக்கு உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை பற்றிக்கொண்டு வந்தது. இவன் யார் என்னைக் காப்பாற்ற? என் பெண்டாட்டி முன்னால் என் மானத்தை இவன் பிச்சை போடுவதா? சட்டையும் நல்ல சட்டை, மனசும் நல்ல மனசு, அக்கறையும் இவனுக்குத்தான், இப்போது பெருந்தன்மையும் இவனுக்கேவா? நியாயத்துக்குப் பயந்து அவர் வாயைத் திறந்தார் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பொறாமைதான் அவர் வாயைத் திறந்தது.

"கம்ப்யூட்டர் சரியாத்தான் காட்டுது," என்றார். "நான்தான் அழிச்சேன். தினமும் காலையில."

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தார். மனைவி கண்ணாடிக்காரரையே பார்த்தாள்.

"தினமுமா?"

"ம்."

"விடியக்காலையில, வண்டிக்குள்ள உக்காந்துக்கிட்டு, போனை வச்சுக்கிட்டு?"

"காயில் வர்ற வரைக்கும் சமாளிக்கலாம்னு பாத்தேன். உனக்கு இப்படி ஆகும்னு..." ஒரு முழம் தள்ளி நின்ற லாரி அப்போதுதான் அவர் கண்ணுக்கு முன்னால் வந்தது.

அவள் லாரியைப் பற்றிப் பேசவில்லை. "சமையல்கட்டு ஜன்னல்லேர்ந்து தினமும் பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்" என்றாள், குரலைத் தாழ்த்தி. "இருட்டுல போன் வெளிச்சத்துல உங்க மூஞ்சி மட்டும் தெரியும். அழுத்தி முடிச்சிட்டுச் சிரிப்பீங்க. எவளோ ஒருத்தின்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்."

கண்ணாடிக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டது. இஸ்திரி மடிக்கணினியை ஓசைப்படாமல் மூடினான்.

"அப்படின்னா நீ என்கிட்டக் கேட்டிருக்கலாமில்ல?"

"கேட்டு, நீங்க ஆமான்னு சொல்லிட்டா நான் என்ன பண்றது?"

வயிறு எரிகிறவன் அந்த வீட்டில் தான் ஒருத்தன்தான் என்று நினைத்திருந்தார். அடுப்பு மூட்டிக்கொண்டு ஒருத்தி ஜன்னலில் நின்றது அவருக்குத் தெரியவே தெரியாது.

அவள் எழுந்து சாவியை இஸ்திரியிடம் கொடுத்தாள். "நான் பேசுனதை மனசுல வச்சுக்காதீங்க தம்பி. எவ்ளோ ஆகுதோ ஆகட்டும், வாரண்டி வேணாம். நல்லாப் பாத்துக் குடுங்க." மேனேஜரிடம், தான் இப்போது சொன்ன புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகவும் சொன்னாள். கண்ணாடிக்காரரைப் பார்த்து, "வாங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு முன்னால் நடந்தாள்.

பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. பஸ் கிளம்பியதும் அவள் முகத்தைத் திருப்பாமலே கையை நீட்டினாள்.

"போனைக் குடுங்க."

கொடுத்தார். ஸ்கேனர் ஆப் எங்கே என்று கேட்டுத் திறந்து பார்த்தாள். சிலிண்டர் கோளாறு, அழித்த தேதிகள், 'அழி' என்கிற பொத்தான். ஒவ்வொன்றையும் விரலால் நகர்த்தி நகர்த்திப் பார்த்தாள்.

"இவதானா?" என்றாள்.

"இவதான்."

சிரிப்பாள், போனைத் திருப்பித் தருவாள் என்று நினைத்தார். அவள் தரவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவருடைய மெசேஜ்களைத் திறந்து முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.