அக்கா சிமென்ட் கோர்ட் கேட்டதால் கெட்டுப்போன கதை

1

கதை எழுதச் சொல்லித்தரும் மாலை வகுப்பில் ஆசிரியை "உங்களுக்கு நன்றாகத் தெரிந்ததை எழுதுங்கள்" என்று சொன்னதால் வந்த வினை இது. எனக்கு நன்றாகத் தெரிந்தது அக்காவின் டென்னிஸ். நான் ஆடியதில்லை, வேலிக்கு வெளியே உட்கார்ந்து வருஷக்கணக்கில் பார்த்தவன். ஞாயிறு கிளப் இறுதிப் போட்டி. ஜெயிப்பவர் தேசியப் போட்டிக்குப் போவார். அக்காவின் முட்டி இந்த ஒரு வருஷம்தான் தாங்கும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். கதைக்கு வேறென்ன வேண்டும்? போட்டிக்கு முன்பே எழுதி முடித்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்:

"மண் தரையில் விழுந்த பந்து கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தது."

(பந்து யோசிக்குமா? அடித்துவிடலாமா? சரி, இருக்கட்டும்.)

எங்கள் கிளப்பில் இரண்டு கோர்ட். மண் கோர்ட்டில் பந்தின் வேகம் செத்து, உயரமாக எழும்பும். ஓடிப்போய் எடுக்க நேரம் இருக்கும். அக்கா பிழைப்பதே அந்த நேரத்தில்தான். கோட்டுக்கு ரொம்பப் பின்னால் நின்று, வருவதையெல்லாம் திருப்பி அனுப்பி, எதிராளிக்குப் பைத்தியம் பிடிக்கும்வரை காத்திருப்பாள். சிமென்டில் பந்து தாழ்வாகச் சர்ரென்று வரும். அங்கே சர்வீஸ் அடிப்பவர் வைத்ததுதான் சட்டம். இறுதிப் போட்டியில் எதிராளி ஒரு கல்லூரிப் பெண். அவள் சர்வீஸைப் பார்த்து கிளப்பே வைத்த பெயர் பீரங்கி.

எந்தக் கோர்ட் என்று முடிவு செய்யும் உரிமை போன வருஷம் ஜெயித்தவருக்கு. ஜெயித்தது அக்கா. ஆகவே மண். இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது? பக்கம் பக்கமாக எழுதினேன். சறுக்கிக்கொண்டே போய் எடுக்கும் பந்துகள், முடியவே முடியாத ஒரு பாயின்ட், கடைசியில் மண்ணில் பதிந்த பந்தின் தடத்தை நடுவர் குனிந்து பார்ப்பது. நானே சொல்லக் கூடாது, நன்றாகத்தான் வந்திருந்தது.

3

அக்கா முட்டியில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு படித்தாள்.

"யாருடா இவ, மண்ணுல உருண்டுக்கிட்டு இருக்கா?"

"நீதான்."

"நான் சிமென்ட் கோர்ட்டுனு சொல்லியாச்சு."

"கிறுக்கா உனக்கு?"

"தேசியப் போட்டி முழுக்க சிமென்ட்லதான்டா. இங்க மண்ணுல ஜெயிக்கிறது, அங்க போய் முதல் ரவுண்டுலயே மூட்டையக் கட்டுறது. வருஷா வருஷம் இதே பொழப்பு. இந்தத் தடவ முடியுமா முடியாதானு இங்கயே தெரிஞ்சுக்கிறேன்."

"பீரங்கி உன்ன சுருட்டி வச்சிடுவா. சர்வீஸ், ஒரு அடி, முடிஞ்சுது. பாக்கிறவனுக்கு அதுல என்ன ஆட்டம் இருக்கு?"

"ஆட்டம் எனக்கா, உனக்கா?"

"முட்டி?"

"முட்டி என்னோடது. இந்தப் பக்கமெல்லாம் உன்னோடது. போய்த் திருத்துங்க, எழுத்தாளரே."

[பாத்திரங்கள் எழுத்தாளனின் பேச்சை மீறுவது அழகு என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். சொல்பவர்களுக்கு அக்கா இல்லை போலிருக்கிறது.]

4

திருத்திய தொடக்கம்:

"பீரங்கி பந்தைத் தூக்கிப் போட்டாள். அக்கா—"

அக்கா என்ன? சிமென்டில் அவள் என்ன செய்வாள் என்று எனக்கே தெரியவில்லை. நன்றாகத் தெரிந்ததை எழுதுகிறேனாம்!

முடிவு அ: அக்கா ஜெயிக்கிறாள். கோட்டுக்கு உள்ளே வந்து நின்று, பந்து எழும்பும்போதே அடிக்கிறாள். (அப்படி அவள் ஆடி நான் பார்த்ததே இல்லை. பாத்திரத்துக்குப் பொருந்தாது.)

முடிவு ஆ: தோற்கிறாள். (இதை எழுதியதும் வீட்டுக்குள்ளேயே சதி செய்தது போலிருந்தது. கிழித்தேன். பிறகு ஒட்டி வைத்தேன். என் முறைப்படி எதையும் தூக்கிப் போடக் கூடாது.)

முடிவு இ: மழை. (சீ.)

5

ஞாயிறு. வேலியோரம் உட்கார்ந்திருக்கிறேன். "அக்கா கோட்டுக்கு உள்ளே" என்று எழுதிவிட்டு நிமிர்ந்தால் ஸ்கோர் பலகையில் எண் மாறியிருந்தது. பக்கத்தில் கிளப் செயலாளர்.

"என்ன சார் ஆச்சு?"

"நீ பாக்க வந்தியா, பரீட்சை எழுத வந்தியா?"

ஆமாம், உள்ளேதான் நிற்கிறாள். பொருந்தாது என்று நான் ஒதுக்கிய அதே இடத்தில். முதல் செட்டைச் சுத்தமாகக் கோட்டைவிட்டாள். இரண்டாவதை எப்படி எடுத்தாள் என்று கேட்காதீர்கள். அப்போது நான் ஒரு வாக்கியத்தை அடித்துக்கொண்டிருந்தேன்.

கடைசி செட். அக்கா ஆறு, பீரங்கி ஐந்து. இன்னும் ஒரு கேம் எடுத்தால் அக்கா ஜெயித்துவிடுவாள். பக்கம் மாறும் இடைவெளியில் இதை எழுதுகிறேன். அக்கா முட்டியை ஒருமுறை அழுத்திப் பார்த்துக்கொண்டாள். இப்போது எழுந்துவிட்டாள். அடுத்த சர்வீஸ் பீரங்கியுடையது. அக்கா கோட்டைத் தாண்டி இன்னும் ஓரடி முன்னால்

இல்லை. இந்தத் தரையில் எழுதத் தலை குனிந்தால் எல்லாம் போயிற்று. முடிவை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு அக்காவைப் பார்க்க வேண்டும்.