படிக்கத் தெரிந்த பிறகு

சித்தி அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது சிட்டு மூன்றாம் வகுப்பில் இருந்தாள். படிப்பு மட்டும் ஒன்றாம் வகுப்பைத் தாண்டியிருக்கவில்லை. பெற்றவள் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த வருடம் அவள் பள்ளிக்கூடம் போன நாட்களைவிடப் போகாத நாட்களே அதிகம். அப்புறம் ஒழுங்காகத்தான் போனாள். போய், கடைசி பெஞ்சில் சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டு வந்தாள்.

அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். ஊரில் நின்றுபோன லிஃப்டெல்லாம் அவர் கை பட்டால் ஓடும். குடியிருக்கும் கட்டடத்து லிஃப்ட் மட்டும் ஓடாது. நாலு மாடி ஏறி வந்து காலை நீட்டினால் மனிதர் அசையமாட்டார். மகளைப் பற்றி யாராவது கேட்டால், "வர்ற வயசுல வரும்" என்பார்.

அவருடைய அக்காவுக்கு அந்த நம்பிக்கைகூட இல்லை. இன்சூரன்ஸ் அலுவலகத்தில் பெரிய பொறுப்பில் இருந்தவர், பிள்ளை கிடையாது. தாயில்லாத பிள்ளையாயிற்றே என்று சிட்டுவைக் கொஞ்ச காலம் தன்னோடு வைத்திருந்தார். பாடம் சொல்லிக் கொடுத்துப் பார்த்துவிட்டு, பெட்டியோடு கொண்டுவந்து திரும்ப விட்டுவிட்டார்.

"களிமண்ணா இருந்தாக்கூடப் பிசையலாம் தம்பி. இது கருங்கல்லு. என்னால ஆகாது."

பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேதான் சொன்னார்.

பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டு அனுப்பியபோது அப்பா வேலையைச் சாக்குச் சொல்லிவிட்டார். சித்திதான் போனாள்.

"நீங்க அம்மாவா?" என்று கேட்டார் டீச்சர்.

"சித்தி."

டீச்சர் அதற்கு மேல் துருவவில்லை. "இப்படியே போனா அடுத்த வருஷமும் இதே வகுப்புலதாம்மா உக்காரணும். நான் பாக்காம இல்ல. இத்தனை பிள்ளைங்களை விட்டுட்டு இவ ஒருத்தி பக்கத்துல எவ்வளவு நேரம் நிக்கிறது? வீட்டுல யாராவது தினமும் கொஞ்சம் உக்காரணும்." பீரோவைத் திறந்து ஒரு பழைய ஒன்றாம் வகுப்புப் புத்தகத்தை எடுத்துக் கொடுத்தார். "வெக்கப்படாம இதுலேருந்து ஆரம்பிங்க."

அன்று சாயங்காலம் சிட்டு முதல் பக்கத்தைக் கடகடவென்று வாசித்தாள். சித்திக்கு ஆச்சரியமாகப் போய்விட்டது. பிறகு நடுவில் ஒரு சொல்லின்மேல் விரலை வைத்து, "இது மட்டும்?" என்றாள். பிள்ளை வாயை மூடிக்கொண்டது. வாசித்ததெல்லாம் பழைய மனப்பாடம். பக்கத்தில் இருந்த படத்தைச் சித்தி கையால் மறைத்ததும் அந்த மனப்பாடமும் நின்றுபோயிற்று.

தனித்தனி எழுத்துகள் தெரிந்தன. 'படம்', 'மரம்' வந்தது. 'கொடி' என்ற இடத்தில் வண்டி நின்றுவிடும். ஒரு வாரம் போராடிப் பார்த்துவிட்டு சித்தி கேட்டாள்.

"இதுல எதுடி உனக்குப் புரியல? எங்க இடிக்குதுன்னு சொல்லு."

சிட்டு கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தாள். இப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. "கொம்புதானே முதல்ல நிக்குது?" என்றாள் மெல்ல. "அதை எப்படிச் சொல்றது?"

சித்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்ம வீட்டுக்கு ஆள் வந்தா கதவைத் திறக்கிறது யாரு?"

"அப்பா."

"பேசறது?"

"நீங்க."

"அதே கதைதான். கொம்பு முன்னால நிக்கும், வாயைத் திறக்காது. எளுத்தைச் சொல்லு, அப்புறம் அதோட சத்தத்தைச் சேரு."

உள்ளேயிருந்து அப்பா, "என்னை எதுக்கு இழுக்கறீங்க?" என்று குரல் கொடுத்தார். சிட்டு அந்த வீட்டில் வாய்விட்டுச் சிரித்ததை சித்தி அன்றுதான் கேட்டாள்.

எல்லா நாளும் அப்படிப் போகவில்லை. நேற்று வந்தது இன்று வராது. ஒருமுறை, பத்துத் தடவை சொன்ன பிறகும் 'தேன்' 'தென்' ஆகிவிட, சித்தி கையை ஓங்கிவிட்டாள். சிட்டு அழவில்லை, விலகவுமில்லை. தலை குனிந்து உச்சியைக் காட்டினாள்.

"என்னடி பண்றே?"

"அத்தை இங்கதான் குட்டுவாங்க."

சித்தி எழுந்து சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள். அதற்குப் பிறகு கையை ஓங்கியதில்லை.

அவளுக்கு வேலை ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில். வெந்து உலர்ந்து வரும் விரிப்புகளையும் தலையணை உறைகளையும் மடித்துக் கட்ட வேண்டும். பள்ளி விடுமுறை நாட்களில் சிட்டுவையும் கூட்டிப் போவாள். மேற்பார்வைக்காரி முணுமுணுத்தாலும், "மூலையில உக்காந்திருக்கும், விடுங்கக்கா" என்று சமாளிப்பாள். உறைகளைப் பத்துப் பத்தாகக் கட்டுவது அங்கே வழக்கம். கழித்தலில் கடன் வாங்குவது என்ன என்று சிட்டுவுக்கு அங்கேதான் விளங்கியது. "உதிரி பத்தலன்னா என்ன பண்ணுவே?" "ஒரு கட்டை அவுப்பேன்." "அவ்வளவுதான் கணக்கு."

ஒவ்வொரு விரிப்பின் ஓரத்திலும் எந்தப் பிரிவு என்று மை முத்திரை இருக்கும். ஒருநாள் நீராவிச் சத்தத்துக்கு நடுவே சிட்டு கத்தினாள்: "தீ... தீக்... தீக்காயம்! சித்தி, இது தீக்காயம்!" மடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் பதறித் திரும்பிப் பார்த்தார்கள். சித்தி, "படிக்கிறாக்கா. அவளே படிக்கிறா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கையிலிருந்த விரிப்பையே எடுத்ததற்கு மேற்பார்வைக்காரியிடம் திட்டும் வாங்கினாள்.

வருடக் கடைசியில் சிட்டு தேறினாள். அடுத்த வருடம் வகுப்பில் நடுவிலும் இல்லை, முன்வரிசைக்கே வந்துவிட்டாள். பள்ளிக்கூட விழாவில் மேடையேறி ஒரு கதையை வாசித்தாள். அப்பா பெருமை தாங்காமல் அக்காவுக்குச் சொல்லியிருந்தார், அவரும் வந்திருந்தார்.

"பாத்தியாடா? நம்ம குடும்பத்து மூளை எங்க போகும்!" என்றார் அக்கா.

அந்த வாரமே வீட்டுக்கு வந்தார். நல்ல மார்க் வாங்குகிற பிள்ளையை இந்த நாலாவது மாடிப் பொந்தில் வைத்து வீணாக்கக் கூடாது. தன் வீட்டுக்குப் பக்கத்திலேயே பெரிய பள்ளிக்கூடம் இருக்கிறது. பேசிவிட்டேன், சேர்த்துக்கொள்கிறார்கள் என்றார். சித்தி காப்பி டம்ளரை வைத்த கையோடு அங்கேயே நின்றாள்.

"இப்பத்தான் அண்ணி ஒரு நிலைக்கு வந்திருக்கா. இன்னும் ரெண்டு வருஷம் போகட்டுமே."

"உன்னை யாரு கேட்டா? பெத்தவ மாதிரி பேசாதே."

சித்தி கணவனைப் பார்த்தாள். அவர் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா நல்லதுக்குத்தானே சொல்றாங்க" என்றார் கடைசியில். "உனக்கும் பாரம் குறையும்."

"நான் எப்பங்க பாரம்னு சொன்னேன்?"

அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். பேச்சு முடிந்திருந்தது.

சிட்டுவைக் கேட்டார்கள். அவள் யோசித்துவிட்டு, "அங்க லிஃப்ட் ஓடுமா?" என்றாள். ஓடும் என்றார் அத்தை. தனி அறை உண்டா என்றாள். உண்டு. குட்டு உண்டா என்று அவள் கேட்கவில்லை. போகிற அன்று சித்தியின் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "லீவுக்கு வருவேன்" என்றாள். பிறகு, காரில் முன்சீட்டு யாருக்கு என்று பார்க்க ஓடிவிட்டாள். சின்னப் பிள்ளை. அதைக் குற்றம் சொல்லி என்ன செய்வது?

லீவுக்கு வரவில்லை, ஓவிய வகுப்பு இருந்ததாம். நீண்ட நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு சித்தியே ஒருநாள் பழம் வாங்கிக்கொண்டு போனாள். அங்கே கூடத்தில் அத்தையின் அலுவலகத் தோழிகள் இருந்தார்கள்.

"ஒரு எழுத்துத் தெரியாம இருந்த பிள்ளை" என்று அத்தை சொல்லிக்கொண்டிருந்தார். "ஆளாக்கறதுக்குள்ள எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

சிட்டு பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். வளர்ந்திருந்தாள். சித்தி அவளைப் பார்த்தாள். அவள் தன் நகங்களைப் பார்த்தாள்.

"இந்தாடி, உனக்குப் பிடிச்ச பளம்" என்று பையை நீட்டினாள் சித்தி.

"பளம் இல்ல சித்தி, பழம்."

தோழிகள் சிரித்தார்கள். "பாத்தீங்களா, யாரா இருந்தாலும் விடமாட்டா" என்று அத்தை பிள்ளையின் கன்னத்தைத் தட்டினார். சித்தியும் சிரித்துவைத்தாள். இருந்துவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. லிஃப்டில் இறங்கும்போதுதான், கிளம்பிய அவசரத்தில் செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு வந்தது தெரிந்தது.

வீட்டில் கணவர் கேட்டார், "எப்படி இருக்கா?"

"நல்லா படிக்கிறா."

அதற்குப் பிறகு அவள் அங்கே போகவில்லை.

அடுத்த வருடம் காய்கறிக் கடையில் பழைய டீச்சரைப் பார்த்தாள். டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்களைத்தாம்மா நெனச்சுக்கிட்டிருந்தேன். இந்த வருஷமும் ஒரு பிள்ளை இருக்கு, அப்படியே சிட்டு மாதிரி. அவங்க வீட்டுல உக்கார ஆளே இல்ல. சாயங்காலம் உங்க வீட்டுக்கு அனுப்பினா கொஞ்சம் பாத்துக்குவீங்களா?"

"இல்ல டீச்சர்."

"கொஞ்ச நாளைக்குத்தான்."

"வேண்டாம் டீச்சர். வேற யாரையாவது கேளுங்க."

டீச்சர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சித்தி எடைபோட்ட காய்களைப் பையில் கொட்டிக்கொண்டு, நேரமாகிறது என்று சொல்லிக் கிளம்பினாள். அந்தப் பிள்ளை பையனா பெண்ணா என்றுகூட அவள் கேட்கவில்லை.