கருப்புப் பெயின்டுக்கு அடியில்

அன்று அந்தக் கரிசல் காட்டில் இருந்தவர்கள்: தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி காமராஜ், அவருடைய தங்கை கல்யாணசுந்தரி, தங்கை புருஷன் அருண்பாண்டியன், கழுகுமலையிலிருந்து வண்டி ஓட்ட வந்த திருப்பதி, பந்தயம் நடத்திய சதீஷ்குமார். மற்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்தவர்கள். அவர்களை யாரும் சாட்சிக்கு இழுக்க வேண்டியதில்லை.

பருத்திமார் பிடுங்கி முடித்த காட்டில், கோடை பிறந்ததும் ரிமோட் கார் பந்தயம் நடக்கும். ஒரு முழ நீள வண்டிகள்தான். ஆனால் ஓடுவதைப் பார்த்தால் விளையாட்டுச் சாமான் என்று சொல்ல வாய் வராது. போன இரண்டு வருடமும் கோப்பை காமராஜுக்கு. இந்த வருடமும் ஜெயித்துவிட்டால் கோப்பை அவர் ஆபீஸோடு தங்கிவிடும். காலையிலேயே அலமாரியில் இடம் ஒதுக்கச் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

கரிசலில் வெடிப்பு ஒரு பெரிய தொந்தரவு. எவ்வளவு தண்ணீர் தெளித்து உருளை ஓட்டினாலும் உச்சி வெயிலில் மறுபடி வாயைத் திறந்துவிடும். அதில் சக்கரம் மாட்டினால், சக்கரத்தை வண்டியோடு பிடித்திருக்கும் ஆர்ம் முறியும். ஆர்ம் நைலான். பாக்கெட்டிலிருந்து எடுத்து அப்படியே மாட்டினால், இந்த ஊர்க் காய்ந்த வெயிலுக்கு முறுக்கு மாதிரி ஒடியும். அதனால் காமராஜ் வீட்டில் அதை வெந்நீரில் போட்டு வேகவைத்து, ஈரத்துணியில் சுற்றி டப்பாவில் வைப்பார்கள். ஈரம் ஏறிய ஆர்ம் வளையுமே தவிர ஒடியாது. வேகவைக்கும்போது தீக்குச்சி மருந்துக்குப் போடும் ரோஸ் சாயத்தையும் கல்யாணசுந்தரி ஒரு சிட்டிகை கலப்பாள். அது அவர்கள் தீப்பெட்டி லேபிளின் நிறம். அந்த வட்டாரத்தில் ரோஸ் ஆர்ம் என்றால் காமராஜ் வண்டி.

அரையிறுதியில் ஜெயித்தார். ஆனால் கடைசிச் சுற்றில் முன்பக்கத்து வலது ஆர்ம் முறிந்துவிட்டது.

"மாப்ள, டப்பாவ எடும்" என்றார்.

அருண்பாண்டியன் பாக்கெட் பிரிக்காத புது ஆர்ம் ஒன்றை நீட்டினார்.

"இது பச்சை ஆர்ம்லா. வேகவச்சது எங்க?"

"வீட்டுலயே வச்சிட்டு வந்துட்டேன் மச்சான்."

"கல்யாணத்தன்னைக்குச் செருப்ப மறந்துட்டு வந்த ஆளுதான நீரு. ஒம்ம நம்பி ஒருத்தி கழுத்த நீட்டிருக்கா பாரும்."

கல்யாணசுந்தரி வழக்கமாக இதற்குச் சிரிப்பாள். அன்று தண்ணீர்ப் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். காமராஜ் அதைக் கவனிக்கவில்லை. சக்கரத்தைக் கழற்றி, அதிர்வு தாங்கும் ஷாக்கின் அடித்திருகை விடுவித்து, ஆர்மைப் பிடித்திருந்த பின்னை உருவி, புதிய ஆர்மை மாட்டினார். அருண்பாண்டியன் திருகுகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். எட்டு வருடமாக அவருக்கு அதுதான் வேலை.

இறுதிப் பந்தயத்தில் முதல் மேட்டைத் தாண்டி விழுந்த உடனேயே ஆர்ம் ஒடிந்தது. சக்கரம் தனியே ஓடிப்போய் வேலிமுள்ளில் நின்றது. கூட்டத்தில் யாரோ ஒருவன், "அலமாரிக்குப் பூட்டு போட்டாச்சா முதலாளி" என்று கேட்டான்.

பந்தயத்தில் ஒரு முறை உண்டு. வண்டி உடைந்து வெளியே வந்தவர் ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு பாதையோரம் போய் நிற்க வேண்டும். கவிழும் வண்டிகளை, அது எதிராளி வண்டியே ஆனாலும், நிமிர்த்திவிட வேண்டும். காமராஜ் போய் நின்றார். முன்னால் ஓடிக்கொண்டிருந்த திருப்பதியின் கருப்பு வண்டி வளைவில் பல்டியடித்து அவர் காலடியிலேயே வந்து கவிழ்ந்தது.

குனிந்து எடுத்தார். ஆர்மில் அடித்திருந்த கருப்புப் பெயின்ட் மண்ணில் உரசி உரிந்திருந்தது. அடியில் ரோஸ். பெயின்ட் மேலோடு நிற்கும். சாயம் நைலானுக்குள் போய்விடும். நகத்தால் இன்னொரு ஆர்மைச் சுரண்டினார். அதுவும் ரோஸ்.

வண்டியை அவர் கையில் வைத்துக்கொண்டே நின்றிருக்கலாம். பின்னால் வந்த வண்டி முந்தியிருக்கும். அவர் சக்கரங்களைத் தரையில் ஊன்றி, வண்டியைப் பாதைக்கு நேராகத் திருப்பி வைத்து, கையை எடுத்தார். திருப்பதி ஜெயித்தான்.

உரிந்த இடத்தைச் சதீஷ்குமாரும் பார்த்துவிட்டான்.

"என்னலே இது, அண்ணாச்சி வீட்டுச் சாமான் ஒன் வண்டில இருக்கு?"

திருப்பதி விழித்தான். "அருண் அண்ணாச்சிதான் தந்தாவ. எங்க வண்டி கருப்பு, அதான் பெயின்ட் அடிச்சேன். வீட்டுல சொல்லித்தான் தாராவன்னு நெனச்சேன்."

சதீஷ்குமார் காமராஜ் பக்கம் திரும்பினான். "அண்ணாச்சி, களவுன்னா சொல்லிருங்க. கோப்பைய இப்பவே நிப்பாட்டுதேன்."

கூட்டம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. அருண்பாண்டியன் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். களவு என்று ஒரு வார்த்தை சொன்னால் கோப்பை கைக்கு வராவிட்டாலும் திருப்பதிக்கும் போகாது. ஆனால் தன் வீட்டு மாப்பிள்ளை கள்ளன் ஆகிவிடுவார்.

"நாந்தான் குடுக்கச் சொன்னேன். கோப்பைய அவன்கிட்ட குடு" என்றார் காமராஜ்.

கூட்டம் கலைந்த பிறகு, காரில் சாமான் ஏற்றும் இடத்தில் கேட்டார்.

"எதுக்கு மாப்ள?"

கல்யாணசுந்தரி முன்னே வந்தாள்.

"அவியள கேக்காதிய. டப்பாவுலருந்து எடுத்துக் குடுத்தது நாந்தான்."

"ஏட்டி, நீயா?"

"எட்டு வருசமா ஒங்க பெட்டியத் தூக்குதாவ. ஒரு நா, ஒரே ஒரு நா, அந்த ரிமோட்ட அவிய கையில குடுத்தியளா? ஊர் பாக்க செருப்ப மறந்தவன், செருப்ப மறந்தவன்னு. அடுத்த பந்தயத்துல இருந்து தன் வண்டிய அவியளே ஓட்டட்டும்னு திருப்பதி சொல்லிட்டாரு. அதுக்குத்தான் குடுத்தேன்."

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்லா."

"கேட்டாவ. நீங்க சிரிச்சிய."

அப்படிச் சிரித்ததாக அவருக்கு ஞாபகம் இல்லை. ஆர்ம் போனதும் கோப்பை போனதும் அவருக்குத் தாங்கும். அந்தச் சாயத்தைக் கலக்கிய கையே எடுத்துக் கொடுத்தது என்பதுதான் நெஞ்சில் இறங்கவில்லை. வீட்டு நிறத்தின் மேல் கருப்பு அடிப்பார்கள் என்று தெரிந்தே கொடுத்திருக்கிறாள்.

"வண்டில ஏறுங்க. வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்றார். கோவில்பட்டி வந்ததும் அவர்களை வாசலில் இறக்கிவிட்டுப் போனார்.

காமராஜும் தங்கை வீடும் சேர்ந்துவிட்டார்கள், கல்யாணசுந்தரி மகளின் காதுகுத்தில் அவர் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார் என்று பஜாரில் ஒரு பேச்சு இருக்கிறது. காதுகுத்துக்குப் போனார். பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்காரவைத்துக் குத்தினார்கள். சீர் குறைவில்லாமல் செய்தார். சாப்பிடவில்லை.